சொம்போராத் தீவுக்குச் சாட்சி

திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுத்தாண்டவர்" என்று கடிதத்தில் நாசூக்காக எழுதியிருந்தது. கொக்கிக்கு எரிச்சலைக் கிளப்பியதே அந்த நாசூக்குதான். திருடி என்றே எழுதித் தொலைத்திருக்கலாமே, மையாவது மிச்சமாகியிருக்கும்.

கொக்கி என்பது அச்சகத்தில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பிழை பார்க்க வரும் புரூஃப் தாளின் ஓரத்தில் அவள் போடும் கேள்விக்குறி மீன் பிடிக்கும் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். அது விழுந்த தாள் மெஷினுக்குப் போகாது. முதலாளியே வந்து கெஞ்சினாலும் போகாது. இருபது வருஷமாக இதுதான் வழக்கம்.

அச்சகத்தின் சோறே தினசரி காலண்டர்தான். நாளுக்கு ஒரு தாள். தாளுக்கு ஒரு பழமொழி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்துடையது. அதன் கீழே பொடி எழுத்தில் அந்தப் பழமொழிக்கு என்ன அர்த்தம், எங்கே எப்படிப் பிறந்தது என்று நாலு வரி. இந்த நாலு வரிக்காகக் கொக்கி நாயாய் அலைவாள். துறைமுக வாசல், ஆஸ்பத்திரி, ஓட்டல் பின்கட்டு என்று வெளிநாட்டு ஆட்கள் வேலை செய்கிற இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிற இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே அர்த்தம் சொல்ல வேண்டும். அப்போதுதான் தாளில் ஏற்றுவாள். பழமொழிக்கு ஓர் அட்டை போட்டு, சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு என்று கீழே எழுதிவைப்பாள். ஒரு சாட்சி மட்டும் கிடைத்து ஒன்பது வருஷமாகக் காத்துக் கிடக்கும் அட்டைகள்கூட உண்டு.

இப்பேர்ப்பட்டவளைப் பார்த்துத்தான் உலகம்சுற்றி கடிதம் எழுதியிருந்தார்.

உலகம்சுற்றி யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் உலகப் பழமொழிகளைப் பற்றித் தலையணை தடிமனில் ஒரு புத்தகம் போட்டவர். முப்பத்தொரு நாடுகளுக்கு நடையாய் நடந்து, மக்கள் வாயிலிருந்து நேரடியாகக் கேட்டு எழுதியதாக முன்னுரையில் பீற்றிக்கொண்டவர். இப்போது அவரும் காலண்டர் போட ஆரம்பித்திருந்தார். கொக்கியின் காலண்டரில் நூற்று நாற்பது விளக்கங்கள் தன் புத்தகத்தில் இருப்பவைதான், வரிக்கு வரி அப்படியே இருக்கின்றன என்று அட்டவணை போட்டு, காலண்டர் வாங்கும் கப்பல் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். நகல் அச்சகத்துக்கு.

கப்பல் கம்பெனி விட்டுப்போனால் அச்சகத்தில் பாதி மெஷின் நின்றுபோகும். அதைவிட, விசாரணைக்காகக் கம்பெனி இரு தரப்புக்கும் போட்ட ஒரு நிபந்தனைதான் கொக்கியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அவள் மேல் குற்றம் உறுதியானால் அடுத்த வருஷக் காலண்டரின் முதல் தாளில் அவள் பெயரைப் போட்டு மன்னிப்பு அச்சிட வேண்டுமாம். இருபது வருஷத்தில் ஒரு தாளில்கூட அவள் பெயர் வந்ததில்லை. முதன்முதலாக வரப்போவது திருடி என்றா?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கப்பல் கம்பெனியில் விசாரணை. செவ்வாய்க்கிழமை முதலாளி அவள் மேஜைக்கு வந்து நின்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"ஏம்மா, பழைய காலண்டர் ஏதாவது இருந்தா காட்டிடலாமே. அந்தாளு புஸ்தகத்துக்கு முன்னாடியே நாம போட்டிருக்கோம்னு."

"எங்க சார் இருக்கு? தினமும் கிழிச்சுப் போடத்தானே அடிக்கிறோம்."

இந்தத் தொழிலின் சாபக்கேடு அதுதான். மற்ற அச்சகக்காரன் அடித்தது அலமாரியில் இருக்கும். காலண்டர்காரன் அடித்தது மறுநாள் காலை குப்பைக்கூடையில் இருக்கும். அச்சகம் பத்திரப்படுத்திய பிரதிகளும் கீழறையில் குழாய் வெடித்த வருஷம் ஊறிக் கூழாகிவிட்டன. பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டு நாலு வருஷம். மிச்சம் இருப்பது ஷூ பெட்டிகளில் அடுக்கிய அவளுடைய அட்டைகள் மட்டும்தான்.

"அட்டையைக் காட்டினா?"

"நேத்து ராத்திரி உக்காந்து எழுதினதுன்னு சொல்வார். என் கையெழுத்துதானே?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "பேசாம ஒரு மன்னிப்பைக் கேட்டுட்டு…" என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம்தான் கதை திரும்பியது. திருப்பியவள் கொக்கியின் நாத்தனார். கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைப்பது அவள் வேலை. வாய் மட்டும் எல்லாப் பிரிவிலும் வேலை செய்யும். உலகம்சுற்றியின் புத்தகத்தைக் கொக்கி கையால்கூடத் தொட மாட்டேன் என்று வீம்பு பிடித்திருந்தாள். நாத்தனாருக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது. ரொட்டியைக் கடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று ரொட்டி தொண்டையில் அடைத்துக்கொண்டது. இருமினாள், கண்ணில் நீர் வந்தது, மேஜையைத் தட்டினாள்.

"அண்ணி! அண்ணி! இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம்!"

"சாப்பிட்டு முடிச்சுட்டுப் பேசு. செத்துத் தொலையாதே."

"அண்ணி, இதுல சொம்போரா இருக்கு!"

கொக்கியின் கையிலிருந்த பேனா நழுவியது.

சொம்போரா கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பர். காலண்டர் முழுக்கத் தயார். முன்னூற்று அறுபத்தைந்து பழமொழி, முன்னூற்று அறுபத்தைந்து விளக்கம், எல்லாவற்றுக்கும் இரண்டு சாட்சி. மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் நாத்தனார் விரல் விட்டு எண்ணிப் பார்த்து அலறினாள். அடுத்தது லீப் வருஷம். பிப்ரவரி இருபத்தொன்பதுக்குத் தாள் இருக்கிறது, பழமொழி இல்லை. காலண்டர் போடுகிறவனைத் தவிர உலகத்தில் யாருக்கும் இப்படி ஒரு கஷ்டம் வராது.

மெஷின்காரர் பத்து நிமிஷம் கொடுத்தார். ஒற்றைச் சாட்சி அட்டை ஒன்றை எடுத்துப் போடலாம் என்றால் கொக்கி சம்மதிக்கவில்லை. கடைசியில் நாத்தனாரே ஒரு வரி கட்டினாள். அதில் ஒரு பூனை வரும், ஒரு படகு வரும், பூனை படகோட்டிக்குப் புத்தி சொல்லும், கடைசியில் ஒரு மண்ணும் விளங்காது.

"விளங்கலைன்னாத்தான் அண்ணி, ஆழமான கருத்துன்னு நினைப்பாங்க."

"எந்த தேசம்னு போடுவே? உயிரோட இருக்கிற ஜனங்க தலையில பொய்யைக் கட்டக் கூடாது. அது பாவம்."

"அப்போ இல்லாத தேசமாப் போட்டுக்கலாம்," என்று நாத்தனார் சுற்றும்முற்றும் பார்த்தாள். காகிதக் கட்டின் மேல் அச்சகத்துப் பூனை படுத்திருந்தது. பானை வயிறு, குட்டைக் கழுத்து. எல்லோரும் அதைச் சொம்பு என்று கூப்பிடுவார்கள். சொம்போராத் தீவு அந்த நிமிஷம்தான் கடலிலிருந்து எழுந்தது. பழைய படகோட்டிகள் சொன்னது என்று கீழே நாலு வரி விளக்கமும் எழுதி, தாள் மெஷினுக்குப் போய்விட்டது.

ஒரு வாசகர்கூடக் கேட்கவில்லை. ஆனால் கொக்கிக்கு ஆறவே இல்லை. இருபது வருஷ உழைப்பில் அவள் சொன்ன ஒரே பொய் அது. அந்த அட்டையைப் பெட்டியின் கடைசியில் முகம் தெரியாமல் திருப்பிச் செருகிவைத்திருந்தாள். சாட்சி என்று போட்ட இடம் இரண்டும் காலி.

இப்போது பார்த்தால், உலகம்சுற்றியின் புத்தகத்தில் சொம்போராத் தீவுக்கு ஒன்றரைப் பக்கம்! பூனை என்பது மூதாதையரின் ஆவியாம். படகு என்பது நிலையில்லாத வாழ்க்கையாம். தீவின் தலைவர் மாலை வெயிலில் அமர்ந்து இதை விளக்கியபோது ஆசிரியரின் கண்கள் கலங்கினவாம். நாத்தனார் உரக்கப் படித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாட்டினான் அண்ணி! கையும் களவுமா மாட்டினான்! நம்ம காலண்டரை வருஷக்கணக்கா சேத்து வெச்சு அடிச்சிருக்கான்!"

கொக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. "இதை நான் எப்படிடி சொல்லுவேன்? ரெண்டு சாட்சி இல்லாம ஒரு வரி போட மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, ஒரு தீவையே பொய்யா உண்டாக்கினேன்னு சொல்லணும். மிச்சமெல்லாம் பொய்தானேன்னு கேப்பாங்களே."

நாத்தனார் சிரிப்பை நிறுத்தினாள். "சொல்லலைன்னா திருடின்னு அச்சடிப்பாங்க."

வியாழக்கிழமை. கப்பல் கம்பெனியின் மூன்றாம் மாடி. நீள மேஜை, பளபளவென்று கண்ணாடித் தண்ணீர்க் குவளைகள், ஒரு சுவர் முழுக்கக் கடல் வரைபடம். தலைமை நாற்காலியில் கேப்டன் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் கப்பல் ஓட்டிவிட்டு இப்போது அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அதிகம் பேச மாட்டார், புருவத்தால் பேசுவார்.

உலகம்சுற்றி கழுத்தில் துண்டு சுற்றி, கையில் தடி வைத்துக்கொண்டு வந்திருந்தார். கால் நன்றாகத்தான் இருந்தது, தடி அலங்காரத்துக்கு. முக்கால் மணி நேரம் பேசினார். பாலைவனத்தில் தாகத்தோடு கேட்டது, பனியில் விரல் விறைத்தபடி எழுதியது என்று அள்ளிவிட்டார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. "இந்த அம்மா என் கால் நடந்த தூரத்தை உட்கார்ந்த இடத்திலேயே திருடிட்டாங்க," என்று முடித்தபோது கொக்கிக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது.

கேப்டன் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

கொக்கி எழுந்தாள். "அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும் சார். இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல சொம்போராத் தீவுன்னு ஒண்ணு வருது. அதையும் நேர்ல போய்க் கேட்டீங்களா?"

"பின்னே? மூணு நாள் தங்கினேன்," என்றார் உலகம்சுற்றி சளைக்காமல். "அருமையான ஜனங்க. என்னை விடவே மாட்டேன்னாங்க."

கேப்டனின் இடது புருவம் ஏறியது. "சொம்போராவா? நான் போகாத கடல் இல்லையே. எங்க இருக்கு அது? அந்த மேப்புல காட்டுங்க."

உலகம்சுற்றி வரைபடத்தின் முன் போய் நின்றார். தடியைத் தூக்கினார். மேற்கே கொண்டுபோனார், தெற்கே இறக்கினார், எங்கேயோ நடுக்கடலில் வட்டம் போட்டார். கழுத்துத் துண்டு நெற்றிக்குப் போய் வியர்வையைத் துடைத்தது.

"சின்னத் தீவு சார். மேப்புல இருக்காது. இப்போ… கடல் கொண்டுபோயிடுச்சுன்னு கேள்வி."

"எந்த வருஷம்?" என்றார் கேப்டன். உலகம்சுற்றி தடியைக் கீழே இறக்கினார்.

கொக்கி ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாள். இதோ, சொல்லியாக வேண்டிய இடம் வந்துவிட்டது.

"கடல் கொண்டுபோகலை சார். அப்படி ஒரு தீவே கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி லீப் வருஷத் தாளை மறந்துட்டோம். பத்து நிமிஷத்துல நாங்களே ஒரு பழமொழி கட்டி, எங்க அச்சகத்துப் பூனை பேர்ல ஒரு தீவையும் உண்டாக்கினோம். நான் செஞ்ச ஒரே பொய் அது. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அவமானமா இருக்கு."

கூட வந்திருந்த நாத்தனார் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். பிப்ரவரி இருபத்தொன்பது, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. தூக்கி எறியச் சொல்லிக் கொக்கி அன்றைக்குக் கத்தியும், அவள் கேட்காமல் தன் இரும்பு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். "நான் எழுதின ஒரே இலக்கியம் சார். எப்படிக் கிழிச்சுப் போடுவேன்?" என்றாள்.

உலகம்சுற்றி சளைத்த ஆள் இல்லை. தடியைத் தரையில் தட்டினார். "பாத்தீங்களா? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க! கற்பனை பண்ணி எழுதறவங்க! ஒண்ணு பொய்னா எல்லாம் பொய்தானே?"

கொக்கி பயந்த கேள்வி இதுதான். கேப்டன் அவளைப் பார்த்தார். "கேள்வி நியாயமானதும்மா."

"நியாயம்தான் சார்," என்று கொக்கி தான் கொண்டுவந்திருந்த ஷூ பெட்டியை அப்படியே தூக்கி அவர் முன்னால் வைத்தாள். "நான் எடுத்துக் கொடுத்தா சந்தேகம் வரும். நீங்களே எடுங்க. எதை வேணும்னாலும் எடுங்க."

கேப்டன் அட்டைகளைச் சாவகாசமாகத் தள்ளிக்கொண்டே போனார். அங்கங்கே நின்றார். துறைமுக வாசலில் பிடித்த சாட்சிகளில் பாதிப்பேர் அந்தக் கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்க்கிறவர்கள்தானே. ஒரு அட்டையை உருவி வாய்விட்டுப் படித்தார். "சாட்சி இரண்டு, கப்பல் சமையல்காரர், முன்பல் தங்கம்." நிமிர்ந்தார். "இவன் நம்ம ஏழாம் நம்பர் கப்பல் ஆளு."

அது மழையைப் பற்றிய ஒரு பழமொழி. உலகமெல்லாம் அதைப் பொறுமையின் பெருமை என்று அச்சிட்டுவந்தார்கள். கொக்கியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் அவள் போய்க் கேட்டபோது தங்கப்பல் சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஊரில் அது கிளம்ப மனசில்லாத விருந்தாளியின் காதில் விழும்படி சொல்வதாம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியும் தனியாக அதையேதான் சொன்னாள். சமையல்காரர் சொன்ன ஓர் உதாரணத்தையும் நாலு வரியில் சேர்த்துக் கொக்கி அதைத் தாளில் போட்டிருந்தாள்.

கேப்டன் உலகம்சுற்றியின் புத்தகத்தில் அதே பழமொழியைத் தேடி எடுத்தார். பிறகு போனை எடுத்துக் கப்பலைக் கூப்பிடச் சொன்னார். சமையலறையிலிருந்து ஆளைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் முதலாளி மூன்று குவளைத் தண்ணீர் குடித்துவிட்டார். கடைசியில் பாத்திரச் சத்தத்தோடு ஒரு குரல் அறை முழுக்கக் கேட்டது.

கேப்டன் பழமொழியைச் சொல்லி அர்த்தம் கேட்டார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"போகாத விருந்தாளிக்குச் சொல்றது கேப்டன்! துறைமுகத்துல ஒரு அம்மா என்னை விடாம கேட்டாங்க. மூணு தடவை வந்தாங்க. டீ வாங்கிக் கொடுத்தே உயிரை எடுத்தாங்க."

"இரு. ஒரு புஸ்தகத்துல இப்படிப் போட்டிருக்கு, கேளு," என்று கேப்டன் படித்தார். "பழங்காலத்தில் ஓர் அரசனின் மாமியார் ஒரு வாரம் என்று வந்து ஒரு வருஷம் தங்கினார். அவர் வளர்த்த வாத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார். மனம் வெதும்பிய அரசன் அப்போது சொன்னதே…"

"அரசனா?" குரல் கிறீச்சிட்டது. "அது எங்க மாமியாரு கேப்டன்! வாத்தும் அவங்களுதுதான்! நான் அந்த அம்மாகிட்ட உதாரணத்துக்குச் சொன்னேன். ஐயோ, புஸ்தகத்துல வந்துடுச்சா? அவங்க படிச்சா என் கதி என்ன ஆவறது?"

அறையே வெடித்துச் சிரித்தது. புருவத்தால் மட்டும் பேசுகிற கேப்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொக்கி மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவளுக்கு இருபது வருஷத்து அலைச்சலும் ஒன்றாகத் திரண்டு கண்முன் வந்து நின்றது. வெயிலில் நின்றது, வாட்ச்மேன் விரட்டியது, பைத்தியம் என்று பெயர் வாங்கியது, எல்லாம் வீணாகவில்லை. அழுதாள். கூச்சப்படாமல் அழுதாள்.

உலகம்சுற்றி எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. அலங்காரத் தடி மட்டும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தது. மன்னிப்பு அச்சாகத்தான் போகிறது, அது அவர் காலண்டரின் முதல் தாளில் என்று கேப்டன் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வழக்கமான ஆர்டரும் உறுதியானது.

"ஒரு நிபந்தனை," என்றார் வாசல் வரை வந்து. "அடுத்த வருஷமும் லீப் வருஷம்தானே? இருபத்தொன்பதாம் தேதிக்கு அந்தப் பூனையையே போடுங்க. கீழே நடந்ததை எழுதுங்க. தொகுத்தது யாருன்னு எல்லாத் தாள்லயும் இருக்கணும்."

அச்சகம் அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு விசிலடித்தார். முதலாளி தன் கையாலேயே எல்லோருக்கும் டீ ஊற்றினார், பாதியைத் தரையில் ஊற்றினார். கிழடு தட்டிய சொம்பு காகிதக் கட்டின் மேல் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.

கொக்கி பெட்டியின் கடைசியிலிருந்த அந்த அட்டையை எடுத்து, முகம் தெரியும்படி திருப்பி முன்னால் செருகினாள். பிறகு உட்கார்ந்து பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு நாலு வரி எழுதினாள். அர்த்தம்: ஒன்றும் இல்லை. பிறந்த இடம்: இந்த அச்சகம். கட்டியவர்: என் நாத்தனார். சொம்போராத் தீவுக்குப் போய்வந்ததாக இதுவரை ஒருவர் மட்டுமே சொல்லியிருக்கிறார்.

நாத்தனார் அதைப் பக்கமாக்கிப் புரூஃப் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். மூலையில் பொடி எழுத்தில் கொக்கியின் சொந்தப் பெயர். கொக்கி பேனாவைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பெயர் இருந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"என்ன அண்ணி, கொக்கி போடப் போறீங்களா?"

"இல்லை," என்று சொல்லிப் பேனாவை மூடினாள். "மெஷினுக்கு அனுப்பு."